இரண்டு வாரத்துக்கு ஓர் அறை

ரோக்வெல்,
4 செப்டம்பர் 1994

என் கண்ணு சபீனுக்கு,

அம்மா நலம். முழங்கால் வலி வந்த இடத்திலேயே நிற்கிறது. நீயும் மாப்பிள்ளை தோர்லைஃபும் நலம்தானே? பெர்கனில் மழை விட்டதா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

உட்கார்ந்துகொண்டு மேலே படி. நேற்று மாலை உன் அப்பா இங்கே வந்து இறங்கினார்.

சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது. போன வாரம் நர்போன் சுற்றுலா அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: வடக்கிலிருந்து ஒரு பெரியவர், தனி ஆள், இரண்டு வாரம், கோட்டை, மடாலயம் எல்லாம் பார்க்க ஆசை, வேகமாக நடக்கமாட்டார். பெயரையும் சொன்னாள். அப்போது கோழிகள் கத்திக்கொண்டிருந்தன, சரியாகக் காதில் விழவில்லை. அத்திமரத்துப் பக்கத்து அறையை ஒதுக்கிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

நேற்று ஐந்து மணிக்கு ஃபுல்கிரான் தன் பழைய வண்டியில் லெசிஞ்ஞான் ஸ்டேஷனிலிருந்து ஆளைக் கூட்டிவந்தான். பக்கத்துத் தோட்டத்து ஃபுல்கிரானை உனக்குத் தெரியுமே, என் விருந்தாளிகளை ஏற்றி இறக்குவது அவன்தான். நான் கை முழுக்க அத்திப்பழ ஜாமோடு வாசலுக்கு வந்தேன். வண்டியிலிருந்து முதலில் இறங்கியது பளபளவென்று துடைத்த ஒரு ஜோடி கறுப்பு ஷூ. அந்த வெயிலில், அந்தப் புழுதியில். பிறகு தொப்பி. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அந்தப் பார்வை. ஆஸ்புரூக் ஸ்டேஷன் மாஸ்டர் ரெமோன் வாசர், ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் ஆஸ்புரூக் ஸ்டேஷன் மாஸ்டர்தான்.

தொப்பியைக் கழற்றினார். "ரூம் சொல்லியிருந்தேன், மதாம்," என்றார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. வாயிலிருந்து வந்தது என்னவோ வழக்கமான பேச்சுதான். "வாங்க முசியே. காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு. லேட்டா வந்தா காபி ஆறிடும்."

"நான் லேட்டா வரமாட்டேன்," என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீ, வா, போ என்று பேசிய மனிதரை 'நீங்க' என்று கூப்பிட நாக்கு கொஞ்சமும் கூசவில்லை. அவருக்குத்தான் முகம் வாடியது. வாடட்டும். வருஷா வருஷம் 'இந்தக் கோடைக்குத் தெற்கே போகலாம்' என்று நானும், 'அடுத்த கோடைக்குப் பாக்கலாம், ஒதில், இப்ப ஸ்டேஷனை விட முடியாது' என்று அவரும் பேசினதையெல்லாம் நீதான் சமையலறை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டிருக்கிறாயே. கடைசியில் என் தாய்மாமா இந்த வீட்டை எனக்கு எழுதிவைத்தபோது, இரண்டு வாரம் லீவு என்று சொல்லித் தனியாகக் கிளம்பி வந்தேன். திரும்பவில்லை. அதற்காக நீ என் மேல் வருத்தப்பட்டதும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது அவர் லீவுக்கு வந்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. விருந்தாளியிடம் ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்பார்களா?

உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் எழுது. போன் செய்யாதே. தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, இங்கே தங்கியிருக்கிற டச்சுத் தம்பதி சாப்பாட்டு மேஜையை விட்டு நகர்வதே இல்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்மா


பெர்கன்,
8 செப்டம்பர் 1994

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைத் தோர்லைஃபுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். கறுப்பு ஷூ வந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரித்தேனா என்று கேட்காதே. கொஞ்சம் சிரித்தேன், கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

அப்பா லீவு போகப்போவதாக என்னிடம் சொன்னார். எங்கே என்றும் சொன்னார். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். சொல்லியிருந்தால் நீ அறை இல்லை என்றிருப்பாய், இல்லையா?

அவரை ரொம்பப் படுத்தாதே, அம்மா. போன குளிர்காலத்திலிருந்து அவர் கொஞ்சம் மாறியிருக்கிறார். காலையில் வானொலியில் பாட்டு வந்தால் அணைப்பதில்லை. அவருக்கு எல்லாம் காட்டு. லகிராஸ் மடாலயம், சனிக்கிழமைச் சந்தை, ஆற்றில் நீ எனக்கு எழுதுவாயே, பாறைக்கு நடுவில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும் இடம், அதெல்லாம். நான்தான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. நாங்கள் வருவதாகச் சொன்ன ஆகஸ்டில் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. நீ இங்கே வரலாம் என்றால் உனக்குச் சீசன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்கிறேன், ஆனால் சின்னக் குறையாக.

மழை விடவில்லை. நீ கேட்காவிட்டாலும்.

உன்,
சபீன்


ரோக்வெல்,
12 செப்டம்பர் 1994

கண்ணே சபீன்,

எழுத நிறைய இருக்கிறது, நேரம்தான் இல்லை. திராட்சை அறுப்பு தொடங்கிவிட்டது, தெருவெல்லாம் டிராக்டரும் குளவியும்.

முதல் இரண்டு நாள் உன் அப்பா அத்திமரத்தடியில் உட்கார்ந்து சுற்றுலாத் துண்டறிக்கைகளைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்தார். பரீட்சைக்குப் படிப்பது போல. மூன்றாம் நாள் டச்சுத் தம்பதியோடு லகிராஸ் போனார். மடாலயத்துக் கோபுர மணி நிமிஷக் கணக்கில் பின்தங்கி அடிக்கிறது என்று அங்கிருந்த பாதிரியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கழுத்து இறால் மாதிரி சிவந்துபோய்த் திரும்பினார். தயிர் தடவிக்கொள்ளச் சொன்னேன். விருந்தாளிக்கு நானே தடவிவிட முடியாதே.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் கேட்டார்: பெய்ர்பெர்த்தூஸ் கோட்டையில் மேலே ஏறினால் கடல் தெரியும் என்று போட்டிருக்கிறது, உண்மையா மதாம்?

தெரியாது என்றேன். ஃபுல்கிரான் வாயில் போட்ட ரொட்டியை வெளியே எடுத்துவிட்டுச் சிரித்தான். "ஊரு உலகத்தையே மேல ஏத்தி அனுப்புவா. சாண்ட்விச் கட்டிக் குடுத்து, தொப்பி குடுத்து, வழி சொல்லி. இவ கால் அங்க பட்டதே கிடையாது."

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் உண்மைதான், சபீன். கோடையெல்லாம் படுக்கை விரிப்பு, காலை ரொட்டி, இரவு சாப்பாடு. குளிர்காலத்தில் கூரை ஒழுகல், சுண்ணாம்பு. கோட்டை அங்கேயேதான் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஃபுல்கிரானின் தங்கையிடம் சமையலை விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

அன்று செர்ஸ் காற்று. வடமேற்கிலிருந்து வந்தால் அது மனிதர்களை மதிக்காது. பாறைப் படிகளில் அவர் முன்னே, நான் பின்னே, இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பாதியில் அவர் தொப்பி பறந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போனால் உயிரே போனது மாதிரி இருக்குமென்று நினைத்தேன். அவர் அது பள்ளத்தில் சுழன்று சுழன்று இறங்குவதையே வேடிக்கை பார்த்தார். "நல்லாப் பறக்குதுல்ல," என்றார்.

மேலே போனோம். கடல் தெரிந்தது. நிறைய இல்லை, அடிவானத்தில் ஒரு வெள்ளிக் கோடு, அவ்வளவுதான். நான் ஒன்பது வருஷமாக இந்தக் கோட்டையைப் பற்றி விருந்தாளிகளிடம் அளந்துகொண்டிருந்தேன், கண்ணால் பார்த்தது இதுதான் முதல் தடவை. காற்றுப்படாத சுவரோரம் உட்கார்ந்து தக்காளியும் ஆட்டுப்பாலாடைக் கட்டியும் சாப்பிட்டோம். அவர் முட்டையை உரித்து, மஞ்சள் கருவை எனக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையைத் தான் சாப்பிட்டார். கேட்கவே இல்லை. கை தானாகச் செய்தது. நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் என்னைப் பிடிக்க முடியவில்லை. நீ சொன்ன அந்தப் பச்சைத் தண்ணீருக்குப் போனோம். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓர்பியூ ஆற்றில் பாறைமேல் உட்கார்ந்திருந்தார், மீன் கடிக்கிறது என்று குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு. ஒருநாள் விடிகாலையில் ஃபுல்கிரானின் தோட்டத்தில் திராட்சை வெட்டப் போனார். அங்கே உள்ள பெண்கள் வாளி நிறையும்போதெல்லாம் "ஸ்டேஷன் மாஸ்டர், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேலி செய்திருக்கிறார்கள். இவரும் சளைக்காமல் விசில் அடித்து அனுப்பியிருக்கிறார். மதியம் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து விழுந்தார். அப்போது மருந்து நானேதான் தேய்த்துவிட்டேன். விருந்தாளிதான், ஆனாலும் முதுகுக்கு அவர் கை எட்டாதே.

சனிக்கிழமை சதுக்கத்தில் அறுப்பு விழா. விளக்குச் சரம், அக்கார்டியன், நீளமான மேஜை. என்னை ஆடக் கூப்பிட்டார். அவருக்கு ஆடத் தெரியாது என்று உனக்கும் எனக்கும் தெரியும். இப்போது ஆடத் தெரிகிறது. வால்ட்ஸ் கூடத் தடுமாறாமல் ஆடுகிறார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். (ஆமாம், 'நீ' வந்துவிட்டது. ஆட்டத்துக்கு நடுவில் 'நீங்க' எல்லாம் சரிப்படாது.) ஊரில் ஒரு வகுப்பு நடக்கிறதாம்.

நேற்று இங்கே குளிர்காலம் எப்படி இருக்கும், விறகு யார் வெட்டுகிறார்கள், தனியாக இருக்கப் பயமில்லையா என்று விசாரித்தார். ஏன் கேட்கிறார் என்று நினைக்கிறாய்? நான் ஒன்றும் நினைக்கவில்லை. லெசிஞ்ஞானுக்குப் போனபோது சும்மா முடியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தேன், கழுத்து வரை. ஃபுல்கிரான் பார்த்துவிட்டு விசில் அடித்தான். உன் அப்பா எதுவும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை பார்த்தார்.

இன்னும் கடலைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும், கலாமூஸ் பள்ளத்தாக்கு பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். கிளம்புவாரா பார்ப்போம்.

உன் கிழட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதே.

முத்தங்கள்,
அம்மா


பெர்கன்,
16 செப்டம்பர் 1994

அம்மா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

அப்பா உன்னிடம் பேசிவிட்டாரா? இல்லையென்றால் இன்றே கேள். உட்காரவைத்து, எதற்கு வந்தாய் என்று நேராகக் கேள். நான் சொல்லக் கூடாது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நீ முடி வெட்டிக்கொண்டதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கூடத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். எடு.

சபீன்


ரோக்வெல்,
21 செப்டம்பர் 1994

சபீன்,

உன் கடிதம் திங்கள்கிழமை வந்தது. உன் அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். வியாழக்கிழமை குருயிசான் கடற்கரையில் எல்லாவற்றையும் சொன்னார். மதலேன் என்று ஒரு அம்மாவாம், விதவை, கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். அவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமாம். அதற்கு நான் விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஜூலையில் அந்த அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிவந்ததாகவும் சொன்னார். நீ மீன் சூப் வைத்துக் கொடுத்தாயாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. கேட்டது. எடுக்கவில்லை.

எனக்கு வேலை இருக்கிறது.

அம்மா


பெர்கன்,
27 செப்டம்பர் 1994

அன்புள்ள அம்மா,

திட்டி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுதினாய். அப்பா பேசுவது மாதிரியே இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மதலேனைக் கூட்டிக்கொண்டு அப்பா இங்கே வந்தது உண்மை. சூப் வைத்ததும் உண்மை. அந்த அம்மா நல்லவர், அம்மா. அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை. அதிகம் பேசமாட்டார், பேசினால் அப்பாவைச் சிரிக்கவைத்துவிடுவார். அப்போது அப்பா உனக்குக் கடிதம் எழுதி விவாகரத்துக் கேட்கப் போவதாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அம்மாவிடம் இதைத் தபாலில் கேட்காதே, போய் முகத்தைப் பார்த்துக் கேள் என்றேன். ஒரு வாரம் யோசித்தார். பிறகு அவரேதான் சொன்னார், போனால் ஒரு மணி நேரத்தில் கேட்டுவிட்டு வரமாட்டேன், அவள் ஆசைப்பட்ட மாதிரி முழு லீவாகப் போய் இருந்துவிட்டுத்தான் கேட்பேன் என்று. மதலேனும் சரி என்றார்.

நான் முன்கூட்டியே உனக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஃபுல்கிரானின் வண்டியிலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பாய். கோட்டையும் இல்லை, ஆறும் இல்லை. உனக்கு அந்த இரண்டு வாரம் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். நீ இப்படிச் சந்தோஷப்படுவாய் என்று எனக்குத் தெரியாது. சந்தோஷத்தில் வேறு என்னவோ நினைத்துக்கொள்வாய் என்று யோசிக்கவே இல்லை. அது என் முட்டாள்தனம்.

உன் இடத்தில் இருந்து பார்க்கத்தான் முயற்சி செய்கிறேன். இந்த ஊரில் இருந்து பார்த்தால் சரியாகத் தெரியவில்லை.

எழுது. இரண்டு வரி போதும்.

சபீன்


பெர்கன்,
25 அக்டோபர் 1994

அம்மா,

ஒரு மாதம் ஆகப்போகிறது. ஃபுல்கிரானுக்குப் போன் செய்தேன். நீ நலமாக இருக்கிறாய், அத்திமரத்துக் கிளையெல்லாம் நீயே வெட்டுகிறாய், ஏணியில் ஏறாதே என்றால் கேட்பதில்லை என்றார். அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. மற்றதை நீதான் சொல்ல வேண்டும்.

இங்கே மலையுச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. உனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன். தோர்லைஃபின் அம்மா சொல்லிக்கொடுத்தார். கழுத்து கோணலாக வருகிறது. அனுப்பட்டுமா?

உன்,
சபீன்


ரோக்வெல்,
8 நவம்பர் 1994

என் கண்ணு சபீனுக்கு,

ஏணியில் ஏறியது உண்மைதான். விழவில்லை.

இத்தனை நாள் எழுதாததற்கு உன் மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் வாரம் கோபம்தான். அதற்கப்புறம் வெட்கம். நான் ஆட்டத்தைப் பற்றியும் முடி வெட்டியதைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுத, அங்கே ஒருத்தி முடிவு தெரிந்துகொண்டே அதைப் படித்திருக்கிறாள் என்று நினைத்தால் கூசியது. அந்த ஒருத்தி நான் பெற்ற பெண் என்பதுதான் தாங்கவில்லை. அவர் கேட்டதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது முழுதாகச் சொல்கிறேன். உன்னைத் தவிர சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வியாழக்கிழமை குருயிசானில் ஈ காக்கை இல்லை. கட்டைக் கால்களில் நிற்கிற அந்தக் கோடை வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. உன் அப்பா ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஒரே கோட்டில் மணலில் வைத்தார். சாக்ஸை மடித்து உள்ளே வைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று. சொன்னார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், ஒப்பித்துவிட்டார். வால்ட்ஸ் ஆடக் கற்றுக்கொடுத்தது யார் என்றும் புரிந்துவிட்டது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அவங்களோட லீவுக்குப் போனியா?"

மணலில் இருந்த ஷூவை இன்னும் கொஞ்சம் நேராக்கினார். அப்புறம், "போன வருஷம். ஓஸ்டெண்ட் கடற்கரைக்கு. மூணு நாள்தான், ஒதில்."

கல்யாணம் என்றபோது கூட நான் அசையவில்லை, சபீன். மூணு நாள்தான் என்றதும் என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எதிர்ப்பக்கம் நடந்தேன். எதிர்ப்பக்கம் கடல். உடுத்தியிருந்த துணியோடு இடுப்பளவு தண்ணீர் வரை போய்விட்டேன். சாக வேண்டும் என்றெல்லாம் இல்லை. நிற்காமல் நடந்தேன், அவ்வளவுதான். எனக்கு நீந்தத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் என்ன நினைத்தாரோ, கோட்டோடு ஓடிவந்தார். மார்பளவு கூட இல்லாத தண்ணீரில் ஒரு அலை வந்து அவரை அப்படியே கவிழ்த்துப்போட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், கை மட்டும் தெரிகிறது. காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டேன். வாய் நிறைய மணல். இருமினார், துப்பினார், பிறகு, "என்னக் காப்பாத்த நீ வர வேண்டியதாப் போச்சு," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சிரித்துக்கொண்டே எப்போது அழ ஆரம்பித்தோம் என்று தெரியவில்லை. நனைந்துபோய் இரண்டு கிழங்கள் அந்தக் காலிக் கடற்கரையில்.

பிறகு நான் சண்டை போட்டேன். உன்னோடு இருந்த வருஷமெல்லாம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று கேட்டேனே, அவளுக்கு மட்டும் எப்படி நேரம் வந்தது என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் வண்டிகள் தான் இல்லாமலும் ஓடும் என்று புரிந்தது என்றார். அதற்கு மேல் ஒன்று சொன்னார், அதுதான் இத்தனை வாரமாக என் காதில் நிற்கிறது.

"நீ மட்டும் என்ன ஒதில்? சபீன் வருஷா வருஷம் உன்னக் கூப்பிடுறா. நீ சீசன்ங்கிற. நான் ஸ்டேஷன்னு சொன்னேன், நீ சீசன்னு சொல்ற. அவ என்கிட்ட சொல்லி அழுதா, தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அவர் மறுநாளே கிளம்புவதாகச் சொன்னார். சனிக்கிழமை வரை அறை எடுத்தவர் சனிக்கிழமைதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கலாமூஸ் போனோம், டச்சுத் தம்பதி வண்டியில். பள்ளத்தாக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்தச் சின்னத் துறவி மடத்தில் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் யாருக்காக ஏற்றினார் என்று கேட்கவில்லை. நான் உனக்காக ஏற்றினேன், கோபத்தோடுதான்.

சனிக்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரக் கடிகாரத்தையும் தன் கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வெறும் தலையோடு நின்றார். ஊருக்குப் போனதும் முதலில் ஒரு தொப்பி வாங்கு, இல்லையென்றால் காது உறைந்துவிடும் என்றேன். உன் முடி நல்லா இருக்கு, அன்னிக்கே சொல்ல வேண்டியது என்றார். வண்டி வந்தது. ஏறிவிட்டார். கையசைத்துவிட்டு வந்து அடுத்த விருந்தாளிக்குப் படுக்கை விரித்தேன்.

விரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று தெளிவானது, சபீன். அவர் இங்கேயே தங்கிவிடுவார் என்று நான் கட்டிய மனக்கோட்டையில் அவருக்கு எந்த மூலையில் நாற்காலி போடுவது என்று யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எட்டு மணிக்கு வருகிற விருந்தாளியாக அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஏழு மணிக்கே வந்து, காபி ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்கிற கணவனாக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் போலத்தான் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு ஏழு வாரம் ஆனது. அத்திமரம்தான் பாவம், மொட்டையாகிவிட்டது.

போன வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு பாட்டில் ஜாமும் வைத்தேன். மதலேனுக்கு என்று எழுதவில்லை, அவருக்கு என்றும் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் சாப்பிடட்டும்.

இப்போது உன் விஷயம். நீ அழுததை அவரிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அனுப்பிய கடிதத்தில் சின்னக் குறை என்று எழுதினாய். அது சின்னது இல்லை என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். உன் வீட்டுச் சமையலறைச் சுவர் என்ன நிறம் என்று கூட எனக்குத் தெரியாது. உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிற மனிதரை நான் ஒரே ஒரு தடவை, உன் கல்யாணத்தில்தான் பார்த்திருக்கிறேன். மதலேன் உன் மேஜையில் உட்கார்ந்து சூப் சாப்பிட்டிருக்கிறார். நான் சாப்பிட்டதில்லை.

டிசம்பரில் எனக்கு இரண்டு அறைக்கு ஆள் சொல்லியிருந்தார்கள். வீடு பூட்டியிருக்கும் என்று எழுதிவிட்டேன். சுற்றுலா அலுவலகத்துப் பெண் உடம்பு சரியில்லையா மதாம் என்று பதறிப்போய்க் கேட்டாள். லீவு என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை கேட்டாள். கோழிகளை ஃபுல்கிரான் பார்த்துக்கொள்வான். முட்டை பூராவும் அவனுக்கு என்று பேசியாகிவிட்டது.

பதினேழாம் தேதி இரவு ரயிலில் பாரிஸ், அங்கிருந்து விமானம். எனக்கு எந்தக் கோட்டையும் காட்ட வேண்டாம். மழையில் நடக்க ஒரு நல்ல காலணி மட்டும் எடுத்துவை, என் அளவு உன் அளவுதான். சட்டையை அனுப்பாதே, வந்து போட்டுக்கொள்கிறேன், கழுத்து கோணலாகவே இருக்கட்டும்.

டிக்கெட் வாங்கியாகிவிட்டது. நான் லீவுக்கு என்று கிளம்பினால் என்ன ஆகும் என்று உன் கணவருக்குச் சொல்லி வைத்திருப்பாய். அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல். திரும்பி வருகிற தேதியையும் போட்டுத்தான் வாங்கியிருக்கிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா